துவாஸ் தளத்துக்கு மழை புகாத சாக்கெட்

கேள்வி: சிங்கப்பூரின் துவாஸில் கப்பல் பழுதுபார்க்கும் தளமொன்றில், வெல்டிங் இயந்திரங்களுக்கு 400 வோல்ட், 32 ஆம்பியர் சிவப்பு சாக்கெட்டுகளைப் பயன்படுத்துகிறோம். மழையும் உப்புக்காற்றும் பட்டுப் பித்தளை முனைகளில் பச்சை படிகிறது. ஐபி 44 வகைக்குப் பதிலாக ஐபி 67 வாங்கலாமா? (ஐபி என்பது தூசும் நீரும் புகாமல் காக்கும் தரக்குறியீடு.)

பதில் 1: அவசியம் மாற்றுங்கள். ஐபி 44 நீர்த்தெறிப்பை மட்டுமே தாங்கும். ஐபி 67 ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும். ஆனால், பிளக்கைச் செருகியபின் வளையத்தை இறுதிவரை திருகினால்தான் அந்தப் பாதுகாப்பு கிடைக்கும். பயன்பாட்டில் இல்லாதபோது மூடியையும் அவ்வாறே இறுக்க வேண்டும். பெரும்பாலோர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

பதில் 2: நிக்கல் பூசிய முனைகளையே கேளுங்கள் அண்ணா. எர்த் துளை, கடிகார முகப்பில் 6 மணி இருக்கும் நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். குளிர்பதனக் கொள்கலன்களுக்கான சிவப்பு சாக்கெட்டில் அது 3 மணி நிலையில் இருப்பதால் உங்கள் பிளக் நுழையாது.

கேட்டவர்: மிக்க நன்றி. பச்சை படிந்தவற்றைத் தேய்த்துப் பயன்படுத்தலாமா?

பதில் 1: வேண்டாம். தொடர்பு தளர்ந்தால் முனை சூடேறி உருகும்.