அரசியல் செய்தியாளர்கள் ஆடிய ஜெப்பர்டி: உங்கள் மனதை விட்டுப் போகாத ஒன்று

கடலோரக்காரன்:
ஜெப்பர்டி என்ற அமெரிக்க டிவி வினாடி வினாவில் 2009 செப்டம்பரில் வந்த பிரபலங்கள் ஆட்டத்தைச் சொல்கிறேன். சிஎன்என் செய்தியாளர் வுல்ஃப் பிளிட்சர், நகைச்சுவை நடிகர் ஆண்டி ரிக்டர், நடிகை டானா டெலனி. பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

அப்போது அப்பா எங்களோடு வந்து தங்கியிருந்தார். சாயங்காலம் ஆனால் சிஎன்என்னில் பிளிட்சரைப் போட்டாக வேண்டும். அவர் நிறுத்தி நிறுத்திப் பேசுவதால் ஒரு சொல் விடாமல் புரிகிறது என்பார். 1991 வளைகுடாப் போரில் பென்டகனிலிருந்து செய்தி சொன்னவர், கிளிண்டன் காலத்து வெள்ளை மாளிகை நிருபர் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்.

அந்த ஆட்டத்தில் பிளிட்சருக்கு முன்னால் இருந்த எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கோடு. அப்பா எழுந்து டிவி கிட்டே போனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "இது கழித்தல் குறியாடா?" என்றார். ஆமாம்ப்பா என்றேன். இரண்டாம் சுற்று முடிந்தபோது மைனஸ் 4,600. சாதாரண ஆட்டம் என்றால் கடைசிச் சுற்றில் இடமே கிடையாது. பிரபலங்கள் ஆட்டம் என்பதால் கணக்கில் 1,000 டாலர் போட்டு ஆட விட்டார்கள். ரிக்டர் 68,000-ல் முடித்தார்.

மறுநாள் வழக்கம்போல் செய்தியைப் போட்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சத்தத்தைக் குறைத்தார். "இவருக்கு நிஜமாவே எவ்வளவு தெரியும்?" என்று கேட்டார். எனக்குச் சொல்லப் பதில் இல்லை. இன்றைக்கும் அந்தக் கேள்வி உறுத்துகிறது. உங்களுக்கு இப்படி ஏதாவது உண்டா?

நூலகப்பூனை:
அண்ணா, உங்கள் அப்பாவிடம் பஸ்ஸரை, அதாவது விடை சொல்ல முந்தி அழுத்துகிற பொத்தானைப் பற்றிச் சொல்லியிருக்கலாம்.

2012-ல் ஜெப்பர்டியின் பவர் பிளேயர்ஸ் என்ற பிரபலங்கள் வாரத்தை வாஷிங்டனில் கான்ஸ்டிட்யூஷன் ஹாலில் பதிவு செய்தார்கள் இல்லையா, தோழி ஒருத்திக்குக் கிடைத்த டிக்கெட்டில் நானும் போனேன். கிறிஸ் மேத்யூஸ், ஆண்டர்சன் கூப்பர், தாமஸ் ஃப்ரீட்மன், கெல்லி ஓ'டானெல் என்று செய்தியாளர்கள் பலர் ஆடிய வாரம். 1939-ல் மரியன் ஆண்டர்சன் கறுப்பினப் பாடகி என்பதற்காகப் பாட இடம் தர மறுத்தது இதே அரங்கம்தான். உள்ளே நுழையும்போது எனக்கு முதலில் அதுதான் ஞாபகம் வந்தது, சரி, அது வேறு கதை.

நான் சொல்ல வந்தது விளக்கு. கேள்விப் பலகையின் இரண்டு ஓரத்திலும் விளக்குகள் உண்டு. நிகழ்ச்சியை நடத்தும் அலெக்ஸ் ட்ரெபெக் துப்பை (கேள்வியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வாசித்து முடித்த பிறகு, மேடைக்கு வெளியே இருக்கும் ஒருவர் பொத்தானைத் தட்டி அவற்றை எரிய விடுவார். அதற்கு முன்னால் பஸ்ஸரை அழுத்தினால் கால் விநாடி பூட்டிக்கொள்ளும். அப்போதெல்லாம் வீட்டில் பார்ப்பவர்கள் கண்ணுக்கு இது படாது. அரங்கத்தில் நன்றாகப் பட்டது. ஒரு துப்புக்கு மூன்று பேர் கட்டைவிரலும் ஒரே நேரத்தில் துடிக்கின்றன. ஒருவர் மேசையில் மட்டும் விளக்கு எரிகிறது. மற்ற இரண்டு விரல்களும் அது தெரியாமல் இன்னும் அழுத்திக்கொண்டே இருக்கின்றன. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வீட்டில் இருந்து பார்க்கிறவருக்கு அந்த இரண்டு பேரும் விடை தெரியாமல் சும்மா நின்றது போலத்தானே தெரியும்?

இடைவேளைகளில் ட்ரெபெக் மேடை முன்னால் வந்து பார்வையாளர்களோடு பேசினார். யார் என்ன கேட்டாலும் நின்று பதில் சொன்னார். 2020 நவம்பரில் அவர் காலமான செய்தி வந்த அன்று அந்த ஹால்தான் கண்ணில் நின்றது.

திருத்தமேசை:
நூலகப்பூனை சொல்வதில் பாதிதான் சரி. பஸ்ஸர் பிந்தினால் பூஜ்யத்தில் நிற்கலாம். மைனஸில் போக முடியாது. அழுத்தி, வாய்ப்பு கிடைத்து, தப்பாகச் சொன்னால்தான் கழிப்பார்கள். ஆகவே 4,600 கடன் பஸ்ஸர் செய்த வேலை இல்லை. இத்தனைக்கும் பிரபலங்கள் ஆட்டத்துக்குத் துப்புகளைச் சற்று இலகுவாகத்தான் வைப்பார்கள்.

என் அனுபவம் சின்னது. ஒரு நன்கொடை வினாடி வினாவில் எங்கள் மேசைக்கு ஒரு அரசியல் பத்தியாளர் வந்தார். டிவி விவாதங்களில் அடிக்கடி தெரிகிற முகம். பெயர் வேண்டாம். கேள்வி வந்தவுடன் எங்களைக் கலந்துகொள்ளாமலே சொல்லிவிடுவார், அதுவும் என்ன ஒரு உறுதியான குரலில்! ஒரு துணை அதிபர் பெயர் கேட்டார்கள். அவர் தப்பான பெயரைச் சொல்லிவிட்டு, அந்தத் தப்பான ஆளைப் பற்றி இரண்டு வாக்கியம் விளக்கமும் கொடுத்தார். விளக்கம் அத்தனையும் சரி! பக்கத்தில் சரியான விடையைத் தாளில் எழுதி வைத்திருந்த பெண் அதை மெல்ல மடித்துவிட்டாள். அந்தத் தாளை மடித்த விரல்கள்தான் எனக்கு ஞாபகம்.

நேரலையில் வேலை செய்கிறவர்களுக்கு மௌனம் ஆகாது. மூன்று விநாடி பேசாமல் இருந்தால் காதுக்குள் தயாரிப்பாளர் சத்தம் போடுவார். பல வருஷம் அப்படிப் பழகியவரிடம் "தெரியாவிட்டால் சும்மா இருங்கள்" என்று ஒரு ஆட்டம் கேட்கிறது. எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். கடலோரக்காரன் சார், உங்கள் அப்பா கேட்டது நியாயமான கேள்வி. அதைப் பஸ்ஸர் மேல் போட்டு மூடிவிடாதீர்கள்.

நூலகப்பூனை:
நான் பிளிட்சருக்கு வக்காலத்து வாங்கவில்லை. 2012-ல் நேரில் பார்த்ததைச் சொன்னேன், 2009 ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தப்பு விடைக்கும் பஸ்ஸருக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. நாலு தடவை அழுத்தியும் கிடைக்காதவர் ஐந்தாவது தடவை துப்பை முழுசாக யோசிக்காமல் அழுத்துவார். விடை அதற்கப்புறம்தான் வரும், சில சமயம் வராது.

வழிப்போக்கன்:
எனக்கு 2010 மார்ச். ஆண்டர்சன் கூப்பர், ஆயிஷா டைலர், சீச் மாரின். கூப்பர் 2004-லேயே ஜெயித்துக் காட்டியவர், அதனால் அவர்தான் என்று வீட்டில் எல்லாரும் முடிவே கட்டிவிட்டோம். நகைச்சுவை நடிகர் சீச் மாரின் ஜெயித்தார். அலட்டல் இல்லாமல், தெரிந்ததை மட்டும் சொல்லிக்கொண்டு போனார். அக்கா வீட்டுப் பையன் அன்றைக்கு என்னிடம், "மாமா, அப்போ நியூஸ் சொல்றவங்களுக்கு யாரு நியூஸ் சொல்லுவாங்க?" என்றான். நல்ல கேள்வி. அவனுக்கும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பேனாமூடி:
நானும் ஒரு தடவை ஜெப்பர்டியில் ஆட ஆள் எடுக்கும் தேர்வுக்குப் போனவன். நேர்முகத்தில் மாதிரி ஆட்டம் ஆட விட்டார்கள், என் பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியை எனக்கு ஒரு துப்பைக்கூட விடவில்லை. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இங்கே எல்லாரும் பஸ்ஸரைப் பற்றிப் பேசுவதால் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். வீட்டில் உட்கார்ந்து பழகாதீர்கள், நின்றுகொண்டு பழகுங்கள். அழுத்தினால் முள் வெளியே வருகிற பால்பாயின்ட் பேனா ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பிடி கிட்டத்தட்ட அதேதான். டிவியில் கேள்வியின் கடைசி எழுத்து வாயை விட்டுப் போன பிறகு அழுத்துங்கள். விளக்கைப் பார்த்து அழுத்துவதா, குரலைக் கேட்டு அழுத்துவதா என்று ஆட்டக்காரர்களுக்குள் ஓயாத சண்டை. என்னைக் கேட்டால் குரல்தான். கண் பார்த்து விரலுக்குச் சொல்வதற்குள் பக்கத்து ஆள் அழுத்தியிருப்பார்.

அப்புறம் படிப்பு. 2019-ல் ஜெப்பர்டியில் 32 ஆட்டம் ஜெயித்த ஜேம்ஸ் ஹோல்சாவர் நூலகத்தில் குழந்தைகள் பகுதிப் புத்தகங்களைத்தான் படித்தார். படமும் குறைந்த வரியும் இருப்பதால் தலையில் நிற்கும். அமெரிக்க அதிபர்கள் வரிசை, உலகத் தலைநகரங்கள், ஷேக்ஸ்பியர் பாத்திரங்கள், பைபிள் இந்த நாலையும் விடாதீர்கள். நாம் வேறு ஊரில் படித்து வந்தவர்கள், அவர்கள் பள்ளியில் மனப்பாடம் செய்ததை நாம் தனியாக உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். இணையத் தேர்வில் 50 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி. எழுத்துப்பிழைக்கெல்லாம் பயப்படாதீர்கள், உச்சரிப்பு வருகிற மாதிரி இருந்தால் போதும். டெய்லி டபுள், அதாவது பந்தயம் கட்டி ஆடுகிற துப்பு வந்தால் பயந்து சின்னத் தொகை கட்டாதீர்கள். கடைசிச் சுற்றில் முதலிடத்தில் இருந்தால், இரண்டாம் ஆளின் தொகையை இரட்டிப்பாக்கி அதைவிட ஒரு டாலர் கூட வருகிற மாதிரி கட்டுங்கள். இரண்டாம் இடம் என்றால் கணக்கு வேறு, கேட்டால் தனியாக எழுதுகிறேன்.

கடலோரக்காரன்:
பேனாமூடி, நல்ல தகவல்தான், ஆனால் இங்கே யாரும் போட்டிக்குப் போகவில்லையே ஐயா. அப்பாவுக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. திருத்தமேசை சொன்ன மௌனம் விஷயம் மட்டும் மனதில் பதிந்தது.

தலைநகர்த்தமிழச்சி:
நான் மாநில சட்டமன்றத்தில் நிருபராக இருந்தவள். உள்ளூர் கேபிளில் நிருபர்கள், சட்டமன்ற உறுப்பினர்கள், அவர்களைச் சுற்றி வருகிற தரகர்கள் என்று மூன்று அணி வைத்து ஆண்டுக்கொரு வினாடி வினா நடத்துவார்கள், நன்கொடைக்காகத்தான்.

அன்றைக்கு ஒரு கேள்வி ஒரு நீர் மசோதாவைப் பற்றி. அதை அந்த ஊரில் எழுதிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான். எண், திருத்தம், எந்தக் குழுவில் எத்தனை ஓட்டில் தப்பியது எல்லாம் தலையில் இருந்தது. கேள்வியின் முதல் பாதியிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்ததுதான் வினை. எந்தத் திருத்தத்துக்கு முந்தைய வடிவத்தைக் கேட்கிறார்கள், மேலவை நிறைவேற்றியதா, கீழவையா என்று மனம் ஓடியது. தரகர் அணியில் இருந்தவர் பொத்தானைத் தட்டி, செய்தித் தலைப்பில் வருகிற பெயரை மட்டும் சொன்னார். சரியான விடை. கை தட்டினார்கள். அவர் என் பக்கம் திரும்பி, "உங்க பேப்பர்ல படிச்சதுதான்மா" என்றார்.

கடலோரக்காரன் அண்ணா, உங்கள் அப்பா இப்போதும் கேட்டால் இதைச் சொல்லுங்கள். ஒரு விஷயத்தை வருஷக்கணக்காகத் துரத்துகிறவருக்கு அதில் ஒரு வரி விடை சுலபமாக வாயில் வராது. திருத்தமேசை சொன்ன பத்தியாளரை எனக்கும் தெரிகிற மாதிரி இருக்கிறது, அவர் ரகமே வேறு, அவரை வைத்து எங்கள் எல்லாரையும் எடை போடாதீர்கள். அந்த ஆட்டத்துக்குப் பிறகு ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, நம் பேப்பருக்கே அவமானம் என்றார். அந்த மசோதாவைப் பற்றி நான் எழுதிய தொடரை அவர் முழுசாகப் படித்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டு அணியில் என் பெயரைப் போடவில்லை, மசோதாவை மட்டும் கடைசி வரை நானே எழுதினேன்.