செப்சிஸ்: லாக்டேட் இறங்குது, பிசிடி ஏறுது. எதை நம்புவது?

பினாங்கு_ஹவுஸ்மேன்:
வணக்கம். நீரிழிவு உள்ள செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் நிலை) நோயாளி. வந்தபோது லாக்டேட் (திசுக்களுக்கு இரத்த ஓட்டம் குறைந்தால் இரத்தத்தில் ஏறும் பொருள்) 4.6, ஆறு மணி நேரத்தில் 3.1. ஆனால் புரோகால்சிட்டோனின் (பிசிடி, பாக்டீரியா தொற்றில் ஏறும் இரத்தக் குறியீடு) முதல் நாள் 18, மறுநாள் 31. இரத்த அழுத்தத்தை நிறுத்த நோர்அட்ரினலின் ஓடுகிறது. "தேறிடுவாரா டாக்டர்?" என்று குடும்பத்தார் கேட்கிறார்கள். எந்த எண்ணை வைத்துப் பதில் சொல்வது?

ஐசியு_கேஎல்:
இரண்டும் முரண்படவில்லை தம்பி, இரண்டுக்கும் கடிகாரம் வேறு. பிசிடி சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, ஒரு நாள் வாக்கில்தான் உச்சம் தொடும். சீக்கிரமே வந்து சேர்ந்தவருக்கு 18 மறுநாள் 31 ஆவது வழக்கம்தான், அதை வைத்து மருந்தை மாற்றாதீர்கள். தொற்றின் மூலம் அடங்கினால் ஏறக்குறைய நாளுக்குப் பாதியாகக் குறையும். அமெரிக்காவில் நடந்த மோசஸ் ஆய்வில் (2017), நான்காம் நாளுக்குள் 80% இறங்காதவர்களின் 28 நாள் இறப்பு சுமார் இரு மடங்கு. ஆக, கேள்வியை நான்காம் நாளுக்குத் தள்ளுங்கள்.

குடும்பத்துக்கு எண் சொல்லவே வேண்டாம். 2016 வரையறைப்படி, போதிய திரவம் கொடுத்த பிறகும் சராசரி இரத்த அழுத்தத்தை (எம்.ஏ.பி.) 65-இல் நிறுத்த, நோர்அட்ரினலின் போல இரத்த நாளத்தைச் சுருக்கும் மருந்து (வாசோபிரஸர்) தேவைப்பட்டு, லாக்டேட்டும் 2-க்கு மேல் இருந்தால் அது செப்டிக் ஷாக். மருத்துவமனை இறப்பு 40%-க்கு மேல். இவர் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறார். "ஆபத்தான நிலை, அடுத்த ஓரிரு நாள் பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்பதே நேர்மையான பதில்.

இன்னொன்று. நம் மலேசியாவில் நீரிழிவுக்காரருக்குக் காய்ச்சல் என்றால் மெலியோய்டோசிஸை (மண்ணிலும் நீரிலும் உள்ள பாக்டீரியாவால் வரும் தொற்று) மறக்காதீர்கள். கல்லீரல், மண்ணீரலில் சீழ்க்கட்டி இருந்தும் பிசிடி பெரிதாக ஏறாமல் இருக்கலாம். அது உறுதியானால் "உச்சத்திலிருந்து 80% இறங்கினால் ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாம்" என்ற விதி செல்லாது. செஃப்டசிடிம் அல்லது மெரோபெனம் குறைந்தது 10 முதல் 14 நாள், பிறகு மூன்று மாதமாவது கோட்ரைமாக்சசோல்.

லேப்_அக்கா:
இரண்டு லாக்டேட்டும் எப்படி எடுத்தீங்க?

பினாங்கு_ஹவுஸ்மேன்:
முதலாவது சாம்பல் மூடிக் குழாயில், சிரை இரத்தம். ஐஸ் இல்லை அக்கா, லேபுக்குப் போக நேரமாகிவிட்டது. இரண்டாவது தமனி இரத்தம் (ஏ.பி.ஜி.).

லேப்_அக்கா:
அப்போ 33% இறங்கியது என்ற கணக்கைத் தூக்கிப் போடுங்க. குழாயில் சர்க்கரை சிதைவதைத் தடுக்கும் ஃப்ளோரைடு இருந்தாலும் அது வேலை செய்யத் தொடங்கக் கொஞ்ச நேரம் எடுக்கும், அதுவரை சிவப்பணுக்கள் சர்க்கரையை லாக்டேட்டாக மாற்றிக்கொண்டே இருக்கும். சிரையில் அளவு எப்படியும் சற்றுக் கூடுதல். டூர்னிக்கெட்டை இறுக்கி, கையை மூடித் திறக்கச் சொன்னால் இன்னும் ஏறும். உண்மையான முதல் அளவு 4.6-ஐ விடக் குறைவாக இருந்திருக்கலாம், அப்படியானால் இறக்கமும் நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது.

இனி ஒரே வழி: ஆர்ட்டீரியல் லைன் (தமனியில் போட்ட குழாய்), இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபரின் சிரிஞ்ச், காற்றுக் குமிழியை வெளியேற்றி 15 நிமிடத்துக்குள் அதே மெஷினில். லாக்டேட் கலந்த ஹார்ட்மன் டிரிப் ஓடும் கையில் எடுக்கவே எடுக்காதீங்க. பிசிடியும் அப்படித்தான், வேறு லேப், வேறு கிட் என்றால் ஒப்பிட முடியாது.

ஐசியு_கேஎல்:
அக்கா சொன்னது சரி. அதோடு மருந்துச் சீட்டையும் பாருங்கள். அட்ரினலின், சால்பியூட்டமால் நெபுலைசர், சிறுநீரகம் கெட்ட நிலையில் மெட்ஃபோர்மின், இவை மூன்றும் ஆக்சிஜன் குறையாமலேயே லாக்டேட்டை ஏற்றும். அந்த எண்ணைத் துரத்திக்கொண்டு திரவம் ஊற்றினால் நுரையீரல்தான் நனையும்.

அடுத்த ரிசல்ட் வரும்வரை விரல் இருக்கிறதே! வலது ஆள்காட்டி விரல் நுனியை ஸ்லைடு கண்ணாடியால் வெளுக்க அழுத்தி 10 விநாடி பிடித்து விடுங்கள். நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆனால் இரத்த ஓட்டம் இன்னும் சரியாகவில்லை. 2019 ஆண்ட்ரோமெடா ஷாக் ஆய்வில் அரை மணிக்கு ஒருமுறை இப்படித்தான் பார்த்தார்கள். குளிரூட்டிய வார்டில் கை சில்லிட்டிருந்தால் மட்டும் முதலில் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

பினாங்கு_ஹவுஸ்மேன்:
நெபுலைசர் நான்கு மணிக்கு ஒருமுறை ஓடிக்கொண்டிருக்கிறது. மெடிக்கல் ஆபீசரிடம் கேட்டுவிட்டு, லைனிலிருந்து மறுபடி எடுக்கிறேன்.