செங்கோட்டை பக்கம் புளியரை ரோட்ல ராத்திரி நடக்குறவங்க, சைக்கிள்காரங்க: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

கேசவபுரத்துக்காரன்:
போன கார்த்திகை மாசம் ராத்திரி எட்டரை இருக்கும், புனலூர்ல இருந்து பைக்ல வாரேன். கோட்டவாசல் தாண்டி புளியரை வளைவெல்லாம் இறங்கி சமதளம் வந்ததும் கை தானா முறுக்கிரும்ல, அப்படித்தான் நானும் அறுபதுல வாரேன், எதுத்தாப்ல ஒரு டாரஸ் லாரி ஹைபீம் போட்டு கண்ணைப் பறிச்சிட்டுப் போறான், அவன் போனப்புறம் ஒண்ணுமே தெரியல. திடீர்னு ஒரு இருமுடி மட்டும் அந்தரத்துல தெரியுது, ஆளைக் காணோம். மேல கறுப்பு, கீழ கறுப்பு, ஆறேழு சாமிங்க தார் மேலயே போயிட்டு இருக்காங்க. அறுபதுல போனா ஒரு செகண்டுக்கு 16 மீட்டருக்கு மேல ஓடிரும், பிரேக்கை அமுக்கணும்னு தோணுறதுக்குள்ளயே பாதி தூரம் போயிருதோம். வண்டியை மண்ணுல இறக்கி விழுந்தேன், முட்டி கிழிஞ்சதோட போச்சு.

கோவத்துல "சாமி, ஓரமா போகக்கூடாதா"ன்னு கத்திட்டேன். குருசாமி நிதானமா, "ஓரம் எங்கய்யா சாமி இருக்கு?"ன்னாரு. செல் டார்ச் அடிச்சுப் பாத்தா தாருக்கும் மண்ணுக்கும் அரை அடி பள்ளம், அதுக்கு அங்கிட்டு சல்லியும் முள்ளும். வெறுங்காலோட எப்படி நடப்பாங்க? ரோடு போடும்போதெல்லாம் தார் மேல தார் போட்டு உசத்திருதாங்க, ஓரத்துக்கு மண்ணடிக்க மட்டும் ஆளில்ல. பேரு நேஷனல் ஹைவே 744.

வடகரை பொண்ணு:
அதே கதைதான் இங்கயும். எங்கப்பா விடிகாலை நாலரைக்கு சைக்கிள்ல பால் ஊத்தப் போவாரு, ரெண்டு தடவை வாய்க்காலுக்குள்ள இறங்கிட்டாரு. இப்ப பின் மட்கார்டுல வெளிச்சம் பட்டா மின்னுற செவப்பு டேப், பெடல் ரெண்டுலயும் ரிப்ளெக்டர். பெடல் ரிப்ளெக்டர்தான் ஜாஸ்தி உபயோகம்னு அவரு சொல்லுவாரு, அது மேலயும் கீழயும் ஆடுறதால தூரத்துலயே ஆள் மிதிச்சிட்டு வாராருன்னு தெரிஞ்சிருமாம்.

வைக்கோல் லோடு:
டிரைவர் தரப்புலயும் கேளுங்க அண்ணாச்சி. நான் வைக்கோல் ஏத்திட்டு கேரளாவுக்குப் போறவன். அறுப்பு முடிஞ்ச வயல்ல வாத்து மேய்க்கிறவங்க பொழுது அடையிற நேரம் பாத்து ரோட்டைக் கடப்பாங்க, முன்னாடி ஒருத்தர் கம்போட, பின்னாடி ஐநூறு வாத்து. நல்ல டிரைவருக்கே அந்த நேரத்துல கண்ணு கூசும். ஆனா எங்க மேலயும் தப்பு இருக்கு, லோடு பிதுங்கி டெயில் லைட்டையே மறைச்சிரும். டிராக்டர் டிரெய்லர் இன்னும் மோசம். முன்னால வெள்ளை, பக்கவாட்டுல மஞ்சள், பின்னால செவப்புன்னு டேப் ஒட்டணும், எத்தனை டிரெய்லர்ல பாத்திருக்கீங்க?

தெற்குமேடு:
எல்லாரும் ஸ்பீடு பிரேக்கர் கேப்பாங்கன்னு தெரியும், அதனால முதல்லயே சொல்லிருதேன். எங்க ஊர்ல ஒரு பாட்டி அடிபட்டதும் பசங்களே கான்கிரீட் கொட்டி ஒண்ணு கட்டுனாங்க. பெயிண்ட் இல்ல, போர்டு இல்ல. அதே மாசம் புருசன் பொண்டாட்டி பைக்கோட விழுந்தாங்க. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் (ரோடு எப்படிப் போடணும்னு அளவு சொல்ற அமைப்பு) சொல்ற அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், வண்டி 25 கிலோமீட்டர் வேகத்துல ஏறி இறங்குற மாதிரி. எங்க ஊர்ல கட்டுனது மாட்டுக்கொட்டாய் வாசப்படி.

கேசவபுரத்துக்காரன்:
@தெற்குமேடு சிரிச்சிட்டேன், ஆனா உண்மை. நாங்க ஓரத்துக்கு மண் கேட்டு மனு குடுத்தோம், கொஞ்ச தூரம் கிராவல் அடிச்சாங்க, ஒரு மழைக்குத் தாங்கல, திரும்பவும் எழுதிட்டு இருக்கோம். அதுக்குள்ள சபரிமலை சீசன் வந்துருச்சு. நாலு பேரா சேந்து ரெண்டு ரோல் டேப் வாங்கி சாயங்காலம் முக்குல நிக்கோம், இருமுடியிலயும் தோள்பையிலயும் ஒட்டி விடுதோம், வலது பக்கமா வண்டிக்கு முகம் காட்டி நடங்க சாமின்னு சொல்லுதோம் (மலை வளைவுல மட்டும் எந்தப் பக்கம் நின்னா தெரியும்னு பாத்து மாறிக்கணும்). பாதி குருசாமிங்க கேக்காங்க. மீதிப்பேரு "அய்யப்பன் பாத்துக்குவான்"னு டேப்பை வாங்கிப் பைக்குள்ள போட்டுட்டுப் போறாங்க.