பினாங்கு நீல மாளிகை: விடுதியாக்கியது சரியா?

தெருவோரன்:
லெய்த் தெருவில் இருக்கும் சியோங் ஃபட் ட்ஸே மாளிகையைச் சொல்கிறேன். 38 அறை, 5 முற்றம், 220 சன்னல். இதெல்லாம் ஜார்ஜ்டவுன் ஊரின் சொத்து என்று நாம் பெருமை பேசலாம். ஆனால் அறைகளில் படுத்துத் தூங்குவது பணக்காரப் பயணிகள். அருங்காட்சியகமாக விட்டிருக்கக் கூடாதா?

மேஸ்திரி மகன்:
அருங்காட்சியகச் சீட்டுக் காசில் கூரை ஓடு கூட மாற்ற முடியாது, அண்ணே. அந்த நீலம் கடை பெயிண்ட் இல்லை. சுண்ணாம்பில் அவுரிச் சாயம் கலந்து பூசியது. நம் ஊர் ஈரத்துக்குச் சுவர் மூச்சு விட வேண்டும். பெயிண்ட் அடித்தால் உள்ளே தங்கும் ஈரம் உப்பாகப் பூத்து, பூச்சு பொரிந்து உதிரும். அப்புறம் கூரை முகட்டைப் பாருங்கள். வண்ணப் பீங்கான் கிண்ணங்களைக் குறட்டால் நறுக்கி, இதழ் இதழாக ஒட்டிய பூக்கள். அந்த வேலை தெரிந்த கை மலிவாகக் கிடைக்குமா?

வெண்பா:
விடுதியைத் திட்டுமுன் மாளிகையைக் கட்டிய சியோங்கின் உயிலைத் திட்டுங்கள். கடைசி மகன் சாகும்வரை வீட்டை விற்கக் கூடாது என்று எழுதிவைத்தார். அவர் இறந்தது 1916. வீடு கைமாறியது 1989. இடையில் கவனிக்க ஆளில்லாமல், வாடகைக் குடித்தனங்கள் நிறைந்து, கண்ணெதிரே பாழாய்ப்போனது.

தெருவோரன்:
அதை அப்படியே திருப்பிப் பாருங்கள். உயில் இல்லாதிருந்தால் வாரிசுகள் என்றோ விற்றிருப்பார்கள், அந்த இடத்தில் இன்று அடுக்குமாடி நிற்கும். வெறுங்கையோடு பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) வந்து, பெரும் வணிகராகி, பினாங்கில் சீனத் துணைத்தூதராக உட்கார்ந்த மனிதர். 1892-இல் சீனாவின் யாந்தையில் திராட்சை மது ஆலையும் தொடங்கினார். அவருக்கா விற்பனை தெரியாது? தெரிந்துதான் பூட்டுப் போட்டார்.

வெண்பா:
பூட்டினார் சரி, பராமரிப்புக்கு வழி வைத்தாரா? காரைக்குடிப் பக்கம் பங்காளிகள் பூட்டிவைத்த வீடுகளைப் பார்த்தவள் நான். பூட்டு துருப்பிடிக்குமுன் உத்தரம் இற்றுவிடும்.

மேஸ்திரி மகன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். வாங்கியவர்கள் பழைய முறையிலேயே பழுதுபார்த்தார்கள். 2000-இல் யுனெஸ்கோ விருதும் வந்தது. அந்தச் செலவைத் திரும்ப எடுக்க அறை வாடகையை விட்டால் வேறென்ன வழி?

தெருவோரன்:
விருது வாங்கியதில் எனக்குச் சண்டை இல்லை. மாதத்தில் ஒரு நாள் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளை இலவசமாக விட்டால் போதும், வாயை மூடிக்கொள்கிறேன்.