பிசிஆர் ரிசல்ட்டை எவ்ளோ நம்பலாம்? லேப் ஆளுங்க கொஞ்சம் சொல்லுங்க

வணக்கம் மக்களே, தடயவியல்லயோ டயக்னாஸ்டிக் லேப்லயோ வேலை பாக்குறவங்க யாராச்சும் இருந்தா ஒரு உதவி வேணும். காலேஜ் செமினாருக்கு பிசிஆர் (கொஞ்சூண்டு டிஎன்ஏவ பல மடங்கு காப்பியா பெருக்குற முறை) பத்தி பேசணும். அடிப்படை புரிஞ்சிடுச்சு, 1983ல கேரி முல்லிஸ் யோசிச்சது, சூடாக்கி டிஎன்ஏ இழையப் பிரிச்சு, ஆறவிட்டு ப்ரைமர (காப்பி எங்க ஆரம்பிக்கணும்னு காட்டுற சின்ன டிஎன்ஏ துண்டு) ஒட்டவச்சு, அப்புறம் என்சைம் காப்பி எடுக்கும், ஒவ்வொரு சுத்துக்கும் டபுள் ஆகும், 30 சுத்து ஓடுனா ஒரே துண்டு கணக்குப்படி 100 கோடியத் தாண்டிடும். சரி. ஆனா இவ்ளோ பெருக்குதுன்னா தப்பா உள்ள வந்த வேத்தாள் டிஎன்ஏவையும் சேத்துத்தானே பெருக்கும்?

ஜெர்மனியோட ஹைல்ப்ரான் கேஸ் படிச்சு தலையே சுத்திடுச்சு, கொலை திருட்டுன்னு சம்பந்தமே இல்லாத எடத்துலலாம் ஒரே பெண்ணோட டிஎன்ஏ, வருஷக்கணக்கா தேடி கடைசில 2009ல பாத்தா அது சாம்பிள் எடுக்குற பஞ்சுக்குச்சி தயாரிச்ச எடத்துல வேலை பாத்தவங்களோடது! குச்சி ஸ்டெரைல்தான், ஆனா கிருமி செத்தாலும் டிஎன்ஏ தங்கிடும்ல.

இப்ப சந்தேகம் என்னன்னா, நெகட்டிவ் கண்ட்ரோல் (சாம்பிள் டிஎன்ஏ போடாம சும்மா ஓட்டிப் பாக்குறது) க்ளீனா வந்தா மட்டும் போதுமா? டிஎன்ஏ ரொம்ப கம்மியா இருக்கப்ப ஒரு அல்லீல் (அம்மா அப்பாகிட்ட இருந்து ஒண்ணொண்ணா வர்ற டிஎன்ஏ வடிவத்துல ஒண்ணு) விட்டுப்போனா எப்படி கண்டுபிடிப்பீங்க, திரும்ப ஓட்டுவீங்களா? மருத்துவப் பக்கம் பாத்தா, குணமானவருக்கும் மிச்சம் கெடக்குற வைரஸ் துண்டால பாசிட்டிவ் வருதே, சிடி வேல்யூ (எத்தனாவது சுத்துல சிக்னல் தெரியுதுங்கிற நம்பர்) 35க்கு மேல போனா டாக்டருக்கு எப்படி ரிப்போர்ட் குடுப்பீங்க? கிட்டுக்கு கிட்டு அந்த நம்பர் மாறும்னு வேற சொல்றாங்க, அதான் இன்னும் குழப்பம். கூகுள்ல வர்ற பொதுப் பதில் வேணாம்ங்க, கையால செஞ்சவங்க அனுபவம்தான் வேணும்.