"இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்?": ஆன்லைன் தெரபி, உங்கள் அனுபவம் எப்படி?

எட்டு மாதமாக ஆன்லைனில் தெரபி எடுக்கிறேன். ஆரம்பிப்பதற்கு முன்னால் அனுபவப்பட்டவர்கள் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன், கண்ணில் பட்டதெல்லாம் விளம்பரம் மாதிரியே இருந்தது, அதனால் நானே எழுதிவிடுகிறேன். உங்களுடையதையும் சொல்லுங்கள். சரிப்பட்டு வராத கதையென்றால் இன்னும் நல்லது.

எனக்கு பேனிக் அட்டாக். நெஞ்சு படபடக்கும், விரல் மரத்துப்போகும், இதோ சாகப்போகிறோம் என்று தோன்றும். ஈ.சி.ஜி., தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். (இந்தப் பரிசோதனையைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள், தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும்.) வாசலைத் தாண்டினாலே அட்டாக் வருகிற ஆள் கிளினிக்குக்கு எப்படிப் போவது? அப்படித்தான் ஆன்லைனுக்கு வந்தேன்.

முதலில் ஒரு ஆப். சில கேள்விகளுக்குப் பதில் சொன்னதும் அதுவே ஒருவரைக் கோத்துவிட்டது. அவர் கேமராவைப் போடவே இல்லை, நான் பேசத் தொடங்கி ஐந்து நிமிடம் ஆவதற்குள் 'பாசிட்டிவா யோசிங்க' என்று ஆரம்பித்து, அப்புறம் தன் சொந்தக் கதைக்குப் போய்விட்டார். மூன்றாவது செஷனில்தான் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டேன், லைஃப் கோச் என்றார். தப்பு என் மேலும்தான், முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கோச் என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், ஆனால் உளவியலாளருக்குப் பல நாடுகளில் பதிவு எண் உண்டு, அதை வாங்கிப் பதிவேட்டில் சரிபார்க்கலாம். கேட்டதற்கே முகம் சுளிக்கிறவர் என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

இரண்டாவது ஆள் வேறு மாதிரி. உட்கார்ந்ததும் என் பிரச்சினையையே கேட்கவில்லை. "இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்? அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா?" என்றார். முகவரியை எழுதிக்கொண்டார், லைன் கட்டானால் கூப்பிட இன்னொரு நம்பர், ஏதாவது ஆனால் பக்கத்திலிருந்து ஓடி வரக்கூடியவர் பெயர், எல்லாம் வாங்கிக்கொண்டார். இதென்ன விசாரணைக் கமிஷனா என்று எனக்கு எரிச்சல், கேட்டும்விட்டேன். "கிளினிக்கில் நீங்கள் மயங்கி விழுந்தால் நான் எழுந்து வந்து பிடிப்பேன். இங்கே என் கையில் உங்கள் முகவரி மட்டும்தான் இருக்கிறது" என்றார். சரி, இவர் தொழில் தெரிந்தவர் என்று அப்போதுதான் பட்டது.

அடுத்து பி.எச்.க்யூ-9 என்று மனச்சோர்வை அளக்கிற ஒரு கேள்வித்தாள், போன இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று ஒன்பது கேள்வி, 0-லிருந்து 27 வரை மதிப்பெண். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளத் தோன்றியதா என்பது கடைசிக் கேள்வி. நான் பூஜ்யம்தான் போட்டிருந்தேன், இருந்தும் அதை மட்டும் வாய்விட்டு இன்னொரு முறை கேட்டார். வேறு பதில் வந்திருந்தால் ஆன்லைன் போதுமா, நேரில் வர வேண்டுமா என்பதைத்தான் முதலில் பேசியிருப்போமாம்.

சங்கடங்களும் உண்டு. நான் அழும்போது என் முகத்தை நானே ஸ்க்ரீனில் பார்க்க வேண்டியிருந்தது, மூன்று வாரம் கழித்துத்தான் அந்தச் சின்னப் பெட்டியை மறைக்கலாம் என்றே தெரிந்தது. அவர் வேண்டுமென்றே அமைதியாக இருக்கும்போது நெட் போய்விட்டது என்று நினைத்து 'ஹலோ, ஹலோ, கேக்குதா?' என்று கத்தியிருக்கிறேன். வீட்டில் எந்த அறையில் பேசினாலும் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நடக்கிற சத்தம், பாதி விஷயத்தை விழுங்கிவிடுவேன். கடைசியில் வீட்டோடு ஒட்டிய ஷெட்டில் நிறுத்தி வைத்த காருக்குள் உட்கார்ந்து ஹெட்போனோடு பேச ஆரம்பித்தேன். அந்த நாளிலிருந்துதான் தெரபியே ஆரம்பித்தது என்பேன்.

* * *

எனக்கு ஓ.சி.டி., அதாவது ஒரே எண்ணம் துரத்த, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற நோய், அதில் கை கழுவுகிற வகை. நேரிலும் போயிருக்கிறேன், ஆன்லைனிலும் பார்த்தேன், எனக்கு ஆன்லைன்தான் மேல். காரணம் ரொம்பச் சின்னது. கிளினிக்கில் இருக்கும் குழாய் எனக்கு ஒன்றுமே செய்யாது, என்னை ஆட்டி வைப்பது என் வீட்டுக் குழாய். போனை எடுத்துக்கொண்டு வாஷ்பேசின் பக்கம் போகச் சொல்வார், அந்தக் குழாயைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் அப்படியே நிற்க வேண்டும், பதற்றம் நூற்றுக்கு எவ்வளவு என்று அவ்வப்போது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் நாள் 90 சொன்னேன், திட்டவும் செய்தேன். அவரும் கூடவே நின்றார். நாற்பது நிமிடத்தில் 50-க்கு இறங்கியது. பயப்படுகிற இடத்துக்கே தெரபிஸ்ட் வருவது நேரில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

* * *

நீங்கள் கேட்ட சரிப்படாத கதை என்னிடம் இருக்கிறது. எனக்கில்லை, தங்கைக்கு. சாப்பிடுவதையே நிறுத்திக்கொண்டிருந்தாள், வெளியே வரமாட்டேன் என்றதால் ஆன்லைனில் பார்த்தோம். கேமராவில் தெரிவது கழுத்துக்கு மேலேதான், அவள் தொளதொளவென்று சட்டை போட்டுக்கொண்டு சிரித்துச் சிரித்துப் பேசுவாள். மூன்றாவது வாரம் தெரபிஸ்டே சொல்லிவிட்டார், எடை பார்க்க வேண்டும், நாடித்துடிப்பு பார்க்க வேண்டும், ரத்தப் பரிசோதனை வேண்டும், இதை ஸ்க்ரீன் வழியாகச் செய்வது சரியில்லை என்று. அப்போது கோபம்தான் வந்தது, எங்களைத் தள்ளிவிடுகிறாரோ என்று. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பொட்டாசியம் ரொம்பக் குறைந்திருந்தது, இதயத்தைப் பாதிக்கிற அளவுக்கு.

* * *

என் வீட்டில் தனியாகப் பேச இடமே கிடையாது, கூட இருப்பவர் போனையும் எடுத்துப் பார்ப்பார். அதற்கு மேல் இங்கே எழுதவில்லை. அந்த "யாராவது இருக்கிறார்களா" கேள்வியை என்னுடையவரும் கேட்டார், ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் வரும்படியாக. எங்களுக்குள் ஒரு சொல் பேசி வைத்திருக்கிறோம், அதை நான் சொன்னால் உடனே பேச்சு வேலை விஷயத்துக்கு மாறிவிடும். இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். இப்போது செஷனை அலுவலகத்தில் இருக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

* * *

"எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்" என்ற கேள்விக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அது எனக்குக் கஷ்டப்பட்டுத்தான் தெரிந்தது. வேலைக்காக வேறு நாட்டுக்குப் போனேன், ஆன்லைன்தானே, தொடரலாம் என்று நினைத்திருந்தேன். அவரோ தன் உரிமம் அங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார். பல இடங்களில் தெரபிஸ்ட் எங்கே இருக்கிறார் என்பதோடு நாம் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதையும் சட்டம் பார்க்கிறது. ஒன்றரை வருடப் பழக்கம், புதியவரிடம் மறுபடியும் அம்மா, அப்பா, பள்ளிக்கூடம் என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஊர் மாறப்போகிறவர்கள் இதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

* * *

ஸ்க்ரீனில் பார்த்தால் அது சிகிச்சையா என்று கேலி பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல். 1959-லேயே அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் மனநல மருத்துவர்கள் இருவழித் தொலைக்காட்சி வைத்து இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். இன்னொன்று, 1966-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைஸன்பாம் எழுதிய எலிசா என்கிற கம்ப்யூட்டர் புரோகிராம். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப் போடும், அவ்வளவுதான் அதன் வித்தை. அது எப்படி உருவானது என்று கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனிடம் தட்டச்சு செய்ய ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், அவரைக் கொஞ்சம் வெளியே போகச் சொன்னாராம். வெறும் புரோகிராம் என்று தெரிந்தும் ஆள் இல்லாத அறை வேண்டியிருக்கிறது பாருங்கள். கார் யோசனை ஒன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை.

நான் மாத்திரையும் எடுக்கிறேன், அதற்கு மனநல மருத்துவர் தனி, பேசுவதற்கு உளவியலாளர் தனி. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள நான் எழுதிக் கொடுத்தேன். அதைச் செய்தபிறகுதான் ஆளுக்கொன்று சொல்வது நின்றது.

* * *

முதலில் எழுதியது நான்தான். ஒன்றை விட்டுவிட்டேன், ஓ.சி.டி. நண்பர் எழுதியதைப் படித்ததும் நினைவு வந்தது. ஐந்தாவது மாதம் ஒரு நாள் தெரபிஸ்ட் கேட்டார், "வீட்டிலிருந்தே பேசுவது உங்களுக்கு வசதியாக இருக்கிறது, ஆனால் வெளியே போகாமல் இருப்பதற்கு நானே துணை போகிறேனோ?" என்று. எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் அது உண்மை. அதன் பிறகு செஷனை வாசற்படியில் வைத்தோம், அடுத்த வாரம் கேட் வரை, அப்புறம் தெருமுனை வரை, காதில் ஹெட்போன், அதில் அவர் குரல். பாதி வழியில் அட்டாக் வந்தது, திரும்ப ஓடவிடவில்லை, அங்கேயே ஒரு சுவர் ஓரம் நிற்க வைத்து அது அடங்கும் வரை பேசினார். போன மாதம் முதல் தடவையாக அவருடைய கிளினிக்குக்கு நேரில் போனேன். ஸ்க்ரீனில் பார்த்து உயரமானவர் என்று நினைத்திருந்தேன், என் தோளுக்குத்தான் வருகிறார்.

* * *

நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டதை நேற்று புக் செய்துவிட்டேன், நாளைக்குச் சாயங்காலம் முதல் செஷன். பதிவு எண்ணைப் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது. என்ன பேசப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கார் சாவியை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.