நுண்ணறிவா, அறிதிறனா, சூழ்திறனா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

'இன்டெலிஜென்ஸ்' என்பதற்கு நுண்ணறிவு போக இன்னொரு தமிழ்ச் சொல்லும் வேண்டும் என்றேன். அதற்கு வந்த இரண்டு மறுப்புகளுக்கு என் பதில் இது.

> நுண்ணறிவு நிலைபெற்றுவிட்டது. புதிதாக இன்னொரு சொல் எதற்கு?

'செயற்கை நுண்ணறிவு' என்ற தொடரை யாரும் அசைக்கப் போவதில்லை. நாளிதழ்களும் பாடநூல்களும் ஏற்றுக்கொண்ட தொடர் அது. இங்கே தீர்மானம் போட்டு மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். நான் கேட்பது வேறு இடத்துக்கான சொல். மனிதன், விலங்கு, எந்திரம் மூன்றையும் ஒரே கோலால் அளக்க முயலும் ஆய்வுகளைத் தமிழில் எழுதும்போது, 'அறிவு' என்று முடியும் எந்தச் சொல்லும் காலை வாருகிறது.

அந்தச் சொல் ஏற்கெனவே இரண்டு சுமைகளைத் தாங்குகிறது. தொல்காப்பிய மரபியலில் புல்லும் மரமும் ஓரறிவு, சிதலும் எறும்பும் மூவறிவு, மக்கள் ஆறறிவு. அங்கே ஐந்துவரை எண்ணப்படுவது புலன். ஆறாவதாகத்தான் மனம் வருகிறது. இன்றைய பேச்சிலோ அறிவு என்றால் கற்றுச் சேர்த்தது. ஆய்வாளர்கள் தேடுவது இரண்டையும் அல்ல. முன்பு கண்டிராத சிக்கலில் வழி கண்டுபிடிக்கும் ஆற்றலைத் தேடுகிறார்கள். 'நுண்' என்ற அடை அறிவைக் கூர்மையாக்குகிறதே தவிர வேறொன்றாக மாற்றுவதில்லை. 'மதிநுட்பம் நூலோடு உடையார்க்கு' என்ற வள்ளுவர் நுட்பத்தையும் நூலையும் தனித்தனியே வைத்தார். நாம்தான் கலந்துவிட்டோம்.

> சோதனை எதை அளக்கிறதோ அதுவே நுண்ணறிவு என்று வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

1923இலேயே எட்வின் போரிங் என்ற உளவியலாளர் ஏறக்குறைய இதைச் சொல்லிவிட்டார், எதுவும் தீரவில்லை. ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் 1905இல் வகுத்த சோதனை, பள்ளியில் தனிக் கவனம் தேவைப்படும் குழந்தைகளை இனங்காணப் பிறந்தது. மனவயதை, அதாவது குழந்தையின் விடைகள் எந்த வயதின் சராசரிக்கு ஒத்திருக்கின்றனவோ அந்த வயதை, உண்மை வயதால் வகுக்கலாம் என்று வில்லியம் ஸ்டெர்ன் 1912இல் சொன்னதிலிருந்து 'நுண்ணறிவு ஈவு' (ஐ.க்யூ.) வந்தது. இன்று யாரும் வகுப்பதில்லை. ஒருவர் தம் வயதினரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறார் என்று பார்த்து, சராசரியை 100 என்றும் திட்ட விலக்கத்தை (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிப் பரவியிருக்கும் அளவை) 15 என்றும் வைத்து எண் தருகிறார்கள். ஈவு போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. ஆக அந்த எண் ஒரு வரிசையில் நிற்கும் இடம். காக்கையை எந்த வரிசையில் நிறுத்துவது?

விலங்குகளிடம் வரும்போதுதான் இந்தச் சிக்கல் சூடு பிடிக்கிறது. பெர்லினில் கிளெவர் ஹான்ஸ் என்ற குதிரை குளம்பைத் தட்டிக் கணக்குக்கு விடை சொன்னது. விடை தெரியாத ஒருவர் கேள்வி கேட்டால் அதற்கும் விடை தெரியவில்லை என்று 1907இல் உளவியலாளர் ஓஸ்கர் ஃபுங்ஸ்ட் காட்டினார். கேட்பவரின் உடலில் அவரே அறியாமல் எழும் சிறு அசைவுகளைக் குதிரை படித்துக்கொண்டிருந்தது. குதிரைக்குக் கணக்குத் தெரியாது என்று கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. அவ்வளவு மனிதர்கள் கவனிக்காததை அது கவனித்தது; அதற்கு மதிப்பெண் தர அந்தச் சோதனையில் இடமில்லை, அவ்வளவுதான்.

பெட்டி என்ற நியூ கலிடோனியக் காக்கை இதற்கு எதிர்ப்பக்கம். நேரான கம்பியைக் கொக்கியாக வளைத்து அது உணவுக் கூடையைத் தூக்கியதாக 2002இல் செய்தி வந்தபோது, அந்த நொடியில் அதற்குத் தோன்றிய உத்தி என்று வியந்தார்கள். அந்த இனக் காக்கைகள் குச்சிகளை வளைப்பது இயல்பான வழக்கமே என்று 2016இல் தெரியவந்தது. செயல் அதேதான். புதிதாக யோசித்துச் செய்ததா, பழக்கத்தில் வந்ததா என்பதில் மதிப்பு தலைகீழாகிறது.

எந்திரத்துக்கும் இதே கேள்விதான். 1997இல் சதுரங்க உலக வாகையர் காஸ்பரோவை வென்ற டீப் புளூ கணினிக்குச் சதுரங்கம் தவிர வேறெதுவும் தெரியாது. நுண்ணறிவைப் பலவகைச் சூழல்களில் இலக்கை எட்டும் ஆற்றல் என்று 2007இல் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள் ஷேன் லெக்கும் மார்கஸ் ஹட்டரும் வரையறுத்தார்கள். பெற்ற திறனைவிட, புதிய திறனை எவ்வளவு சிக்கனமாகப் பெறுகிறது என்பதே நுண்ணறிவின் அளவு என்று 2019இல் அதே துறையின் பிரான்சுவா ஷொலே எழுதினார். மலையளவு தரவை விழுங்கித் தேர்வில் வெல்வதற்கும் நாலு எடுத்துக்காட்டில் பிடித்துக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு இதில் பிடிபடுகிறது. என் வாக்கு ஷொலே பக்கம்.

எனவே என் முன்மொழிவு: சூழ்திறன். சூழ்தல் என்றால் ஆராய்ந்து வழி வகுத்தல். சூழலும் அதே வேரில் நிற்கிறது. புலனையோ படிப்பையோ அது குறிக்கவில்லை. சூழ்திறன் அளவீடு, சூழ்திறன் ஒப்பீடு என்று தடையின்றி நீள்கிறது.

சூழ்ச்சி என்றால் சதி ஆயிற்றே என்பீர்கள். 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்ற குறளில் அது நல்ல ஆலோசனைதான், பிற்காலத்தில்தான் கெட்டது. இருந்தாலும் முதன்முறை படிப்பவர் சற்றுத் தடுமாறுவார், மறுக்கவில்லை. மற்றவை அதைவிட மோசம். அறிதிறன் என்பதை நினைவு, கவனம் எல்லாம் அடங்கிய பொதுச்சொல்லாகச் சிலர் ஆண்டு வருகிறார்கள். அதைப் பிடுங்க வேண்டாம். மதித்திறன் என்றால் 'மதித்திறன் மதிப்பீடு' என்று எழுத நேரும். அதை உரக்கப் படித்துப் பாருங்கள்.

லெக், ஹட்டர் வரையறையில் சூழலில் நின்று செயல்படும் அந்த 'ஏஜென்ட்'டுக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. முகவர் என்றால் காப்பீடு விற்க வந்தவர் போலிருக்கிறது. செயலியைக் கைப்பேசிக்குக் கொடுத்துவிட்டோம். 'சூழி' என்று வைக்கலாமென்றால், சங்கப் பாட்டில் அது யானையின் முகபடாம், அதாவது முக அணி. காக்கைக்கும் கணினிக்கும் சேர்த்துப் பொருந்துவதாக, உயர்திணை வாடை இல்லாமல் ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.